கமரா கேட்ட கேள்வி

மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மாணவிகூட இன்று கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைப் பதிவு செய்துவிடலாம். அது வெறும் காணொளி. நடந்ததைத் தேடி, உரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னதைச் சரிபார்த்துத் தொகுக்கும்போதே அது ஆவணப்படமாகிறது. அதன் வலுவையும் எல்லையையும் அறிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

1991 மே 21ஆம் திகதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் மேலும் பலரும் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் பேரறிவாளன் கைதானார். அப்போது அவருக்கு வயது 19. குண்டுக்குப் பயன்பட்ட இரண்டு 9 வோல்ற் பற்றரிகளை வாங்கிக் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அவரது வாக்குமூலம் முக்கிய ஆதாரமாயிற்று. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

2013இல் ‘உயிர்வலி’ என்னும் ஆவணப்படம் வெளிவந்தது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த முன்னாள் அதிகாரி தியாகராஜன் அதில் பேசினார். பற்றரி எதற்கென்று தமக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக ஒப்புக்கொண்டார். பின்னர் அதையே உச்ச நீதிமன்றத்தில் சத்தியக்கடதாசியாகவும் கொடுத்தார்.

படம் சிறைக் கதவைத் திறந்ததா? இல்லை. 2014இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்ததற்குக் காரணம், கருணை மனு நீண்டகாலம் கிடப்பில் இருந்தமையே. 2022 மே 18இல் கிடைத்த விடுதலையும், விடுவிக்குமாறு மாநில அமைச்சரவை செய்த பரிந்துரை தாமதிக்கப்பட்டதனால் வந்தது. அத்தீர்ப்பு அவரை நிரபராதி எனக் கூறவில்லை. அதுவரை ஏறக்குறைய 31 ஆண்டுகள் அவரது தாய் அற்புதம்மாள் சிறைக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்தார். படம் செய்தது, மூடிக்கிடந்த ஒரு கேள்வியை மக்கள் முன் வைத்ததுதான்.

மன்னிப்பு வேறு விடயம். நீதிக்கு உண்மை வேண்டும். மன்னிப்போ இழந்தவரின் மனதிலிருந்து வரவேண்டும். 2008இல் பிரியங்கா காந்தி வேலூர்ச் சிறைக்குச் சென்று, தன் தந்தையின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற நளினியைச் சந்தித்தார். அதே குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்ட வேறு சிலரோ கைதிகளின் விடுதலையை எதிர்த்தனர். அவர்களையும் குறை கூற முடியாது. இஸ்லாமியச் சட்டமும் மன்னிக்கும் உரிமையைக் கொலையுண்டவரின் உறவினரிடமே கொடுக்கிறது.

ஆகவே, சிறைவாழ்வைப் படமாக்க விரும்பும் மாணவி இரண்டு வீடுகளுக்கும் போகவேண்டும். ஒன்று, கைதியின் தாய் காத்திருக்கும் வீடு. மற்றையது, இறந்தவருக்காக இன்னும் அழுகின்ற வீடு. பெற்றோரும் இத்தகைய படங்களைப் பிள்ளைகளோடு இருந்து பார்த்து, பின்பு பேசுவது நல்லது. சிறையும் காத்திருப்பும் இந்த மண்ணில் யாருக்கும் அந்நியமான கதைகள் அல்லவே.