உங்களுக்குத் தெரியுமா? – உச்சவரம்புக்குள் ஓர் ஐஸ் ஹாக்கி அணி

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீகில், பணம் இருக்கிறது என்பதற்காக ஓர் அணி நட்சத்திர வீரர்களை வாங்கிக் குவித்துவிட முடியாது. 32 அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்புதான்.

● இந்த விதிக்காக ஒரு சீசனே பலியானது. உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உடன்பாடு ஏற்படாததால் 2004-05 ஆட்டங்கள் அனைத்தும் ரத்து. சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை யாருக்கும் இல்லை. அடுத்த சீசனில் 3.9 கோடி டாலராகத் தொடங்கிய உச்சவரம்பு, 2025-26இல் 9.55 கோடி டாலர்.

● கஞ்சத்தனத்துக்கும் இடமில்லை. 2025-26இல் ஓர் அணியின் சம்பளக் கணக்கு 7.06 கோடி டாலருக்குக் கீழே போகக் கூடாது.

● எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் உச்சவரம்பில் 20 சதவீதத்துக்கு மேல் ஒருவருக்குத் தர முடியாது.

● கணக்கில் ஏறுவது ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. அதனால் ஆண்டுகளை நீட்டிச் சராசரியைக் குறைக்கப் பார்த்தார்கள். 2010இல் நியூ ஜெர்சி டெவில்ஸ் இலியா கோவல்சுக்குடன் செய்த 17 ஆண்டு ஒப்பந்தத்தை லீக் ஏற்கவில்லை. பிறகு 15 ஆண்டுக்கு முடிந்தது. அந்த அக்டோபரில் சிலர் காயமடைய, மாற்று ஆள் சேர்க்க உச்சவரம்பில் இடமில்லை. கோல்கீப்பர்கள் போக 18 பேர் இருக்க வேண்டிய அணி, 15 பேருடன் ஓர் ஆட்டத்தில் இறங்கியது.

● வெற்றிக்கும் விலை உண்டு. 49 ஆண்டுகளுக்குப் பின் 2010இல் கோப்பை வென்ற சிகாகோ பிளாக்ஹாக்ஸ், டஸ்டின் பஃப்லின், ஆண்ட்ரூ லாட் உள்ளிட்ட பலரை அதே கோடையில் வேறு அணிகளுக்குக் கொடுக்க நேர்ந்தது.

● வெளியே போனவரும் கணக்கில் இருப்பார். மினசோட்டா வைல்ட் அணி 2021இல் ஜாக் பரீசே, ரயன் சூட்டர் இருவரின் ஒப்பந்தத்தையும் பாதியில் முடித்தது. அணியில் இல்லாத அந்த இருவருக்காக 2023-24, 2024-25 இரு சீசன்களிலும் ஆண்டுக்கு 1.4 கோடி டாலருக்கு மேல் உச்சவரம்பில் கழிந்தது.

● பிட்ஸ்பர்க் அணித் தலைவர் சிட்னி கிராஸ்பி பிறந்தது 1987, ஆகஸ்ட் 7. சட்டை எண் 87. உச்சவரம்புக் கணக்கில் அவர் சம்பளம் 87 லட்சம் டாலர். 2024இல் ஒப்பந்தத்தை நீட்டித்தபோதும் அதே தொகைதான். தலைவர் மிச்சம்பிடித்தது சக வீரர்களுக்கான இடம்.

● நீண்டகாலக் காயப் பட்டியலில் ஒருவர் இருந்தால் அணி உச்சவரம்பைத் தாண்டலாம். 2020-21இல் அறுவை சிகிச்சையால் லீக் ஆட்டங்கள் முழுவதையும் தவறவிட்டார் டாம்பா பே வீரர் நிகிதா குச்செரோவ். லீக் சுற்றோடு உச்சவரம்பும் முடிந்தது, பிளேஆஃபில் திரும்பி வந்தார், கோப்பையும் டாம்பாவுக்கே.

விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் மற்ற அணிகளின் மனக்குறை நியாயமானது. 2025-26 முதல் பிளேஆஃபிலும் களமிறங்கும் 20 பேரின் சம்பளக் கணக்கு உச்சவரம்புக்குள் அடங்க வேண்டும். சிறிய நகரத்து அணியும் கோப்பையைக் கனவு காண, இந்தக் கண்டிப்பு தேவைதான்.