இணைப்பின் நாடி

சென்னைக்குத் தெற்கே தாம்பரம் சானடோரியத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் அமைந்துள்ளது. சித்த மருத்துவர் நோயாளியின் சொல்லை மட்டும் கேட்டு மருந்து தருவதில்லை. நாடி முதலிய எண்வகைத் தேர்வுகளால் நோயின் இயல்பை ஆராய்ந்து தெளிவர். வீட்டின் இணைய இணைப்பு அடிக்கடி அறுபடும்பொழுதும் இவ்வாறு ஆராய்தலே தக்கது.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை முதலிய ஊர்களில் பல தெருக்களின் இணைய வடங்கள் கம்பங்களின்மேல் தொங்கிச் செல்கின்றன. 2016 டிசம்பர் 12ஆம் நாள் வீசிய வர்தா புயல் போன்ற பெருங்கேடு எல்லோர் கண்ணுக்கும் புலனாகும். நாள்தோறும் இரண்டு நிமிடம் அறுந்து மீளும் சிறுகேடோ, பழுது பார்ப்பவர் வரும்பொழுது மறைந்துவிடும். தேர்வு விண்ணப்பம் அனுப்பும் மாணவர்க்கும், வீட்டிலிருந்தே பணிபுரிவோர்க்கும் அதனால் விளையும் இழப்புப் பெரிது. ஆயினும் அவர்தம் வாய்ச்சொல்லன்றி வேறு சான்று இருப்பதில்லை.

அச்சான்றைச் சிறு நிரல் ஒன்று தரும். 1983இல் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் 'பிங்' என்ற நிரலை இயற்றினார். கடலுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருள்களை அறியும் கருவியின் ஓசையே அதற்குப் பெயராயிற்று. அது மற்றொரு கணினிக்குச் சிறு செய்தி அனுப்பி, விடை வரும் காலத்தை அளக்கின்றது. பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதினால், நிமிடந்தோறும் மூன்று இடங்களைப் பிங் வாயிலாக வினவி, விடைகளைக் கோப்பில் குறித்து வைக்கலாம்.

முதல் இடம் வீட்டிலுள்ள ரூட்டர். இரண்டாவது, இணைப்புத் தரும் நிறுவனத்தின் அண்மைக் கருவி. மூன்றாவது, தொலைவிலுள்ள ஒரு கணினி. ரூட்டரே விடை தராவிடின் குறை வீட்டினுள் உள்ளது. ரூட்டர் மட்டும் விடை தந்தால் வீட்டிற்கு அப்பாலுள்ள வழியை ஐயுறவேண்டும். முதலிரண்டும் விடை தந்து, மூன்றாவது மட்டும் வாளாவிருப்பின் குறை அதற்கும் அப்பாலது.

விடை தாழ்த்து வருவதெல்லாம் குறையன்று. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்து 2002இல் இயங்கத் தொடங்கிய கடலடி வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஆதலின் அங்குச் சென்று மீள 32 மில்லி நொடியேனும் ஆகும். அண்மைக் கருவியே மாலைதோறும் 300 மில்லி நொடி தாழ்த்தால் நெரிசல் என ஐயுறலாம்.

குறிப்பெழுதுவதில் நடுநிலை வேண்டும். ஒரு விடை தவறியதைக் கொண்டு இணைப்பு அறுந்ததென முடிவு செய்தல் ஆகாது. மூன்று முறை தொடர்ந்து தவறினால் அவ்வாறு குறிக்கலாம். மின்தடையால் கணினியே நின்ற நேரத்தை இணைப்பின் குறையாகக் கணக்கிடலாகாது. கணினியை ரூட்டருடன் கம்பியால் இணைத்தால் வைஃபையின் தடுமாற்றம் கணக்கைக் கெடுக்காது.

நூற்றுக்கு 99 பங்கு இயங்கும் இணைப்பு எனின் கேட்க இனிதே. ஆயினும் எஞ்சிய ஒரு பங்கு, 30 நாள் கொண்ட திங்களில் 7 மணி 12 நிமிடமாகும். அந்நேரம் எந்நாளில், எவ்வேளையில் அமைந்தது என்பதைக் குறிப்பேடு காட்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்திடம் முறையிட்டு அதற்குரிய எண்ணைப் பெறலாம். குறை தீராவிடின் அந்நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பை அணுகலாம். "அடிக்கடி அறுகிறது" என்னும் முறையீட்டிற்கு மறுமொழி கூறி அனுப்பிவிடுதல் எளிது. நாளும் நேரமும் இடமும் குறித்த கணக்கை அவ்வாறு தள்ளிவிடல் அரிது. குறை நம் வீட்டுக் கம்பியிலேயே உள்ளதென அக்கணக்குக் காட்டுமாயின், அதனையும் ஏற்றுத் திருத்திக்கொள்வதே அறிவுடைமை.