பனிக்காலப் பறவைகளும் காணா நட்பும்

புரட்டாசி கழிந்து மழைமேகம் கீழ்த்திசையில் திரளும் நாட்களில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் சற்றே நின்று மேலே நோக்குங்கள். உருக்காலைக் கொட்டகைகளின் நடுவே செல்லும் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக அமர்ந்திருக்கும். கோடையில் அவற்றை அங்கே காண இயலாது. இரவுப் பணி முடிந்து திரும்புவோர் தலை நிமிர்வதில்லை. அவர்களைக் குறை கூறவும் இயலாது. நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூட மணியையே நோக்கி நடந்தவன்தான். பணி ஓய்வுக்குப் பின்னரே நிமிர்ந்து பார்க்கக் கற்றேன்.

நம் முன்னோர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கூதிர் என்றும், மார்கழி, தை மாதங்களை முன்பனி என்றும் வகுத்தனர். குளிர்காலம் என்றவுடன் இலை உதிர்ந்த மரங்களையும் உறைந்த ஏரிகளையும் எண்ணுவது மேலைநாட்டுப் பாடநூல்கள் நமக்குத் தந்த பழக்கம். நம் நாட்டிலோ வடகிழக்குப் பருவமழையினால் ஏரிகள் நிறையும் காலம் இது. வடக்கே நிலம் உறைந்து, பகற்பொழுது சுருங்கி, சேற்றிலும் நீரிலும் இரை கிடைப்பது அரிதாகும்போது, அங்குள்ள பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றை விரட்டுவது குளிர் மட்டுமன்று. பசியே பெரிதும் விரட்டுகிறது. சைபீரியாவிலிருந்து ஊசிவால் வாத்தும், மங்கோலியா, திபெத்துப் பகுதிகளிலிருந்து இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்தும் இந்தியாவுக்கு வருகின்றன. இங்கு ஒரு தவறான கருத்தைத் திருத்த வேண்டும். இப்பறவைகள் நம் ஊரில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அவை இங்கே உண்டு, உடல் தேற்றிக்கொண்டு, மீண்டும் வடக்கே சென்றுதான் கூடு கட்டுகின்றன.

இவ்விருந்தினரைக் காண்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் சிறந்த இடம் பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அடங்கும், தென்பகுதி நம்முடையது. நம் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கிறது. கோடையில் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, ஏரி உப்பேறி வற்றும். மழைக்காலத்தில் ஆரணி ஆறு முதலியன நன்னீர் கொண்டுவர, வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கும். இவ்வாறு உவரும் நன்னீரும் கலப்பதனால் இறாலும் மீனும் நண்டும் பெருகுகின்றன. மீனவருக்கும் நாரைக்கும் சோறிடுவது இக்கலப்பே.

ஏரியின் அணிகலன் பூநாரை. நாலடிக்கு மேல் உயரம்; இளஞ்சிவப்புச் சிறகு. அது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் வைத்து மேயும். நாக்கு ஒரு விசைக்குழாய் போல இயங்கி நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் போன்ற அமைப்பு சிற்றுயிர்களை வடிகட்டி நிறுத்தும். அச்சிற்றுயிர்களிலும் பாசிகளிலும் உள்ள நிறப்பொருளே இறகுக்குச் செம்மை தருகிறது. இப்பறவை அயல்நாட்டது என்று கூறுவதும் முழு உண்மையன்று. குஜராத்தின் கட்ச் பாலையில் மழை நன்கு பெய்த ஆண்டுகளில் மண்மேடு கட்டிப் பெருங்கூட்டமாக அவை குஞ்சு பொரிக்கின்றன.

முதன்முறை படகில் சென்றபோது நான் செய்த பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் அருகே போகலாம் என்று படகோட்டியை வற்புறுத்தினேன். அவர் தயங்கினார், நான் விடவில்லை. நூற்றுக்கணக்கான பூநாரைகள் ஒருசேர எழுந்தன. சிறகின் செம்மை வானில் விரிந்தது; நான் கைகொட்டினேன். படகோட்டி மட்டும் முகம் சுளித்து, “அதுங்க சாப்பிடட்டும், வாத்தியாரே” என்றார். உண்ணும் நேரத்தில் எழுப்பப்படும் பறவை, நெடும் பயணத்திற்கெனச் சேர்த்த கொழுப்பை வீணே செலவிடுகிறது என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். படகோட்டி அதனைப் படிக்காமலே அறிந்திருந்தார்.

இனி நட்புக்கு வருவோம். பறவையையும் தொலைவிலுள்ள நண்பரையும் ஒருசேர நினைப்பது தமிழர்க்குப் புதிதன்று. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர். புறநானூற்றின் 67ஆம் பாட்டில் ஆந்தையார், குமரித் துறையில் மீன் மேய்ந்து வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை அழைத்து, வழியில் சோழன் மாடத்தில் இறங்கித் தம் பெயரைச் சொல்லும்படி வேண்டுகிறார். அதைப் படிக்குந்தோறும் எனக்கு வரித்தலை வாத்தே நினைவுக்கு வரும். பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவரும் மதுரைக் குளிரில் ஆடையின்றி நடுங்கியவாறு, வடக்கே செல்லும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லியனுப்பினார். பறவைகள் ஆண்டுதோறும் ஒரே திசைவழி செல்வதை உற்று நோக்கியவர்க்கே இவ்வாறு பாடத் தோன்றும்.

அக்காலத்தில் பறவை செய்தி கொண்டு சென்றது. இக்காலத்தில் பறவையே செய்தியாயிற்று. பம்பாயில் ஜாபர் புட்டேஹல்லி என்பவர் 1960ஐ ஒட்டிப் பறவை நோக்குவோர்க்கென ஒரு செய்தி மடல் தொடங்கினார். எங்கெங்கோ தனித்திருந்தவர்கள் தாம் கண்டதை எழுதியனுப்ப, அம்மடல் அவர்களை நண்பராக்கிற்று. சென்னை இயற்கையாளர் சங்கம் 1978இல் தோன்றியது. இன்று அஞ்சலட்டையின் வேலையைக் கைப்பேசி செய்கிறது.

அண்ணாமலைச்சேரிக் கரையில் ஒரு தை மாதத்துக் காலையில் ஓர் இளைஞரைக் கண்டேன். தொழிற்பேட்டையில் வார்ப்பு வேலை. ஊர் ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரை. விடுமுறை நாளில் தனியாக நின்று நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தொலைநோக்கியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர், தம் ஊரில் அதே வாத்துக்கு வழங்கும் பெயரைச் சொல்லிச் சிரித்தார். அரைகுறைத் தமிழும் அரைகுறை இந்தியுமாக ஒரு மணி நேரம் பேசினோம். பின்னர் அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசியில் ஒரு நாள் கைப்பேசி ஒலிக்கும். மங்கலான ஒரு படமும், “சார், வந்தாச்சு” என்ற சொல்லும் வரும். அன்றிலிருந்து நான் பழவேற்காட்டுப் பக்கம் கண் வைப்பேன். அங்கே வந்தவையும் இங்கே வந்தவையும் ஒன்றே என்று நான் சொல்ல மாட்டேன். காலில் வளையம் பூட்டுவது போன்ற அடையாளம் இட்டாலன்றி அதனை அறிய வழியில்லை. சலீம் அலி தலைமையில் 1960களில் கோடியக்கரை போன்ற இடங்களில் அவ்வாறு வளையமிட்டே பல பறவைகளின் வழித்தடம் அறியப்பட்டது.

இத்தகைய பரிமாற்றம் வெறும் பொழுதுபோக்கா என்று என் மைத்துனர் கேட்பதுண்டு. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு அடிப்படை, சுமார் 30,000 பறவை நோக்குவோர் இணையவழிப் பதிவு செய்த 3 கோடி குறிப்புகள். அவருட் பெரும்பாலோர் என்னைப் போன்ற சாமானியர். வலசை வரும் பறவைகள் பல குறைந்து வருகின்றன என்று அவ்வறிக்கை காட்டிற்று. “அந்தக் காலத்தில் வானமே மறையும்” என்று முதியவர் சொல்வதைக் கொண்டு எதனையும் நிறுவ இயலாது. நாளும் இடமும் எண்ணிக்கையும் குறித்த ஏடு நிறுவும். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழியில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகில் கருமை படிந்த படங்கள் கைப்பேசிகளின் வழியே ஊரெங்கும் பரவின. என் ஒடிசா நண்பருக்கும் அனுப்பினேன். அன்று அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. இரண்டு நாள் கழித்து, “அதுகளைக் கழுவினார்களா, சார்?” என்று மட்டும் கேட்டார்.

சேர விரும்புவோர்க்கு ஒரு வழி சொல்கிறேன். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நான்கு நாட்களிலும் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டவற்றையும் எண்ணிக்கையையும் எழுதிப் பதிய வேண்டும். காக்கையும் மைனாவும் கணக்கில் சேரும். ஏரிக்கே வருவோர் பொன்னேரியில் இரயிலிலிருந்து இறங்கிப் பேருந்து ஏறலாம். மழை விட்டு நீர் வடியும் தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஆழம் குறைந்த பின்னர்தான் பூநாரைகள் கால் ஊன்றி மேயும். வெயில் ஏறுமுன் வாருங்கள். படகைத் தொலைவிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். கூடு கண்டால் இடத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். இவ்வாண்டு ஊசிவால் வாத்துகள் வந்துவிட்டதாகச் சிலிகாவிலிருந்து செய்தி வந்து ஒன்பது நாட்களாயின. வருகின்ற ஞாயிறன்று நான் அண்ணாமலைச்சேரிக்குப் புறப்படுகிறேன்.