உங்களுக்குத் தெரியுமா? தாழ்ந்த வண்டியில் உயர்ந்த தளம்

ஹாட் ராட் எனப்படும் மாற்றியமைத்த பழைய வண்டிகளின் அமெரிக்கப் பிரியர்கள் பழைய பிக்கப் வண்டியொன்றைத் தரையை ஒட்டித் தாழ்த்தும்போது, சரக்குத் தொட்டியின் பக்கச்சுவர்கள் வெளிப்பார்வைக்கு அணுவளவும் குறையாமல் நிற்க, உள்ளே அதன் ஆழம் மட்டும் பெரும்பாலும் சில அங்குலம் குன்றிவிடுகிறது.

• காரணம் மிக எளிது: சக்கரங்கள் பூமியில் நிற்பதால் பின் அச்சு தன் ஸ்தானத்திலேயே இருக்க, சட்டமும் தொட்டியும் அதை நோக்கி இறங்குகின்றன; மேடுபள்ளங்களில் அச்சு எழுந்து தாழ அவகாசம் வேண்டுமாதலால், தளத்தைச் சற்று உயர்த்துவது அவசியமாகிறது.

• அச்சுக்கு நேர் மேலே சட்டத்தைப் பிறைச்சந்திர வடிவில் வெட்டி, பலவீனமுற்ற அவ்விடத்தை எஃகுத் தகட்டால் பலப்படுத்துவதும் வழக்கம்.

• முன்பக்கத்தை மட்டும் தாழ்த்தினால் தொட்டியின் ஆழத்துக்கு யாதொரு நஷ்டமுமில்லை.

• இழந்த இடமும் விரயமாவதில்லை: 1928 முதல் 1931 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் ஏ வண்டிகளில், முன்கண்ணாடிக்குக் கீழே, பயணிகளின் முழங்கால்களுக்கு எதிரே அமைந்திருந்த பெட்ரோல் தொட்டியைப் பாதுகாப்பு கருதி அகற்றுவோர் பலர், அதற்குப் பதிலாக வேறொரு பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் உயர்த்திய தளத்தின் கீழே மறைவாக அமைத்து, மேலே கீல் வைத்த மரப்பலகையால் மூடிவிடுகிறார்கள்.