வால்வு ஸ்பிரிங்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முன்

ஓடிக்கொண்டிருக்கும் காரில் திடீரென்று இன்ஜின் உதறுகிறது. இன்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. கூடவே 'டக் டக்' சத்தம். வால்வு ஸ்பிரிங் உடைந்ததன் அறிகுறியாக இது இருக்கலாம். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். "பக்கம்தானே, ஓட்டியே போய்விடலாம்" என்று நினைத்தால் ஒரு ஸ்பிரிங்கோடு போயிருக்க வேண்டியது முழு இன்ஜினையும் கேட்கும்.

திறந்த வால்வைத் திரும்ப மூடுவது அந்த ஸ்பிரிங்தான். இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 58 முறை திறந்து மூடுகிறது. ஸ்பிரிங் உடைந்தால் வால்வு மூடாமல் நின்று பிஸ்டனில் அடிபடலாம்.

2018 நவம்பரில் சுபாரு நிறுவனம் இதே குறைக்காக உலகெங்கும் சுமார் 4 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது (ரீகால்). 2013 மாடல் சுபாரு பிஆர்இசட், அதன் இரட்டைப் பிறவியான சயான் எஃப்ஆர்-எஸ் ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களும் அதில் அடக்கம். ஸ்பிரிங் மீது விழும் சுமை கணித்ததைவிட அதிகமாக இருந்தது. உலோகத்தில் நுண்துகள் கலந்திருந்தால் அங்கே விரிசல் விட்டது.

மாற்றுவதும் லேசான வேலை இல்லை. இந்தக் கார்களின் பாக்ஸர் இன்ஜினில் சிலிண்டர் ஹெட் இரு பக்கமும் படுத்திருப்பதால் இன்ஜினையே வெளியே இறக்க வேண்டும். திரும்ப மூடும்போது சிலிக்கோன் பேஸ்ட் அதிகம் தடவினால் பிதுங்கிய துண்டு ஆயிலில் விழுந்து, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். ஆயில் கிடைக்காத பேரிங் தேய்ந்து போகும். இந்த ரீகால் வேலைக்குப் பிறகு இன்ஜின் போனதாக அமெரிக்காவில் புகார்கள் கிளம்பின, வழக்கும் நடந்தது. சரிசெய்யப் போன இடத்திலேயே கார் கெடுவது பெரிய அநியாயம். ஆகவே வேலை முடிந்து வந்த கார் என்றாலும் ஆயில் விளக்கு எரிந்தாலோ அடிப்பகுதியில் தட்டும் சத்தம் கேட்டாலோ ஓட்டாதீர்கள்.

அமெரிக்காவில் ரீகால் உரிமை காரைச் சேர்ந்தது. மூன்றாவது கையாக வாங்கியவருக்கும் இலவசம்தான். அறிவிப்பு வந்தபோது கார் முதலில் விற்று 15 ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது. மேற்சொன்ன கார்கள் எல்லாம் அந்த வரம்புக்குள் வருபவை. ஆனால் ரீகால் வேலை முடியாத பழைய காரை டீலர் விற்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கவில்லை. வாங்கும் நாம்தான் பார்க்க வேண்டும். அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் (NHTSA) இணையதளத்தில் 17 எழுத்து வாகன அடையாள எண்ணை (VIN) கொடுத்தால் பாக்கி ரீகால் வேலை தெரிந்துவிடும். வாரண்டி இன்னும் இருக்கும் கார் என்றால், வேறு கம்பெனி பாகம் பொருத்தியதை மட்டும் காட்டி அதை மறுக்க முடியாது; 1975-ஆம் ஆண்டு வாரண்டிச் சட்டப்படி, அந்தப் பாகம்தான் கெடுத்தது என்று நிறுவனம் காட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் தேதி, ஓடிய மைல், மாற்றிய பாகங்கள் எழுதிய வேலைச் சீட்டைக் கையோடு வாங்குங்கள். பின்னால் கோளாறு வந்தால் அதே நிர்வாகத்தில் புகார் கொடுக்கும்போது அந்தச் சீட்டின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள்.