வயல் நீரைக் குடித்து வளரும் கடலோரக் காடு!

சிதம்பரம் போகிறவர்கள் நடராசரைத் தரிசிக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார்கள். நேரம் மிச்சம் இருந்தால், "வா, பிச்சாவரத்தில் படகு ஏறலாம்" என்று கிளம்புகிறார்கள்.

சிதம்பரத்திலிருந்து கிழக்கே 15 கிலோ மீட்டர் போனால் பிச்சாவரம். போகும் வழியில் ஓர் ஊர் வருகிறது. வேனில் இருக்கும் பிள்ளைகளுக்குப் படகின் மேலேயே நினைப்பு. ஊரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த ஊர்தான் கிள்ளை.

பார்க்கச் சின்ன ஊர். ஆனால் பேரூராட்சி. ரயில் நிலையமும் உண்டு. ஒரு பக்கம் நெல் வயல். மணல் பாங்கான இடத்தில் வேர்க்கடலை. கிழக்கே நடந்தால் மண்ணின் நிறம் மாறுகிறது. காற்றில் உப்பு வாடை வருகிறது. அப்புறம் காடு. அதற்கு அப்பால் வங்காள விரிகுடா.

முதுமலை, கிண்டி போல இது தேசியப் பூங்கா அல்ல, காப்புக்காடுதான். ஆனால் உலகம் இதை அறியும். உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களின் 'ராம்சர்' பட்டியலில் 2022-ம் ஆண்டு பிச்சாவரம் இடம் பெற்றது. பட்டியலில் உள்ள பரப்பு சுமார் 1,479 ஹெக்டேர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு கழிமுகங்களுக்கும் நடுவே திட்டுத் திட்டாகக் கிடக்கிறது இந்தக் காடு.

கடைமடைக்காரர்கள்

கிள்ளை வட்டாரத்து விவசாயிகள் கடைமடைக்காரர்கள். கடைமடை என்றால் என்ன என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வழக்கமாக ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்து விடுகிறார்கள். அது கல்லணைக்கு வந்து, கொள்ளிடத்தில் இறங்கி, ஆர்தர் காட்டன் துரை 1836-ல் கட்டிய கீழணைக்கு வருகிறது. அங்கிருந்து பெரிய வாய்க்கால், சின்ன வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து, மேலே உள்ள வயல்கள் எல்லாம் குடித்த பிறகு, கடைசியாக வந்து சேரும் இடம் கடைமடை.

வரப்பில் நின்ற ஒரு பெரியவர் அதை இப்படிச் சொன்னார்: "மேல இருக்கறவங்களுக்குத் திறந்து விட்டா தண்ணிங்க. எங்களுக்கு மிச்சம் இருந்தாத்தான் தண்ணி!"

அவருக்கும் பிறகு ஒருவர் வரிசையில் நிற்கிறார். அவர்தான் காடு!

கடலோரக் காட்டுக்குக் கடல் தண்ணீரே போதும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. அந்த மரங்கள் உப்பைத் தாங்கும். வெறும் உப்பிலேயே வாழ்ந்துவிடாது. நல்ல தண்ணீரும் வந்து கலக்க வேண்டும். அந்த நல்ல தண்ணீர் உப்பனாறு வழியாகவும், கான் சாகிப் வாய்க்கால் வழியாகவும் வருகிறது. கான் சாகிப் வாய்க்காலில் வருவது பாசனத் தண்ணீர். வயல் குடித்துவிட்டு விட்ட மிச்சம்தான் காட்டுக்கு.

1934-ல் மேட்டூர் அணை வந்தது. எத்தனையோ லட்சம் ஏக்கருக்கு அது வாழ்வு தந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொள்ளிடத்தில் பெருகி வந்து கடலில் விழுந்த தண்ணீர் குறைந்தது. மேலே பஞ்சம் என்றால் முதலில் வாடுவது கடைமடை வயல். அதற்கும் கீழே, கேட்க நாதியில்லாமல் வாடுவது காடு.

மரத்திலேயே முளைக்கும் விதை

துடுப்புப் படகில்தான் போக வேண்டும். மோட்டார் படகும் இருக்கிறது. ஆனால் அது சந்து வாய்க்கால்களில் நுழையாது. அந்தச் சந்துகளில்தான் விஷயமே இருக்கிறது. இரு கரை மரங்களும் தலைக்கு மேலே கை கோத்துக் கொண்டு நிற்கின்றன. நடுப்பகலிலும் மங்கல் வெளிச்சம். 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் இந்த இடங்களைப் பலர் பார்த்திருக்கலாம்.

சுரபுன்னை மரத்துக்குப் பல கால்கள். தண்டிலிருந்து வேர்கள் வளைந்து வந்து சேற்றில் ஊன்றி நிற்கின்றன. அதன் விதை கீழே விழுந்து முளைப்பதில்லை. மரத்தில் தொங்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு, பிறகு விழுகிறது. சேறு இருந்தால் அங்கேயே குத்தி நிற்கும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய், இடம் பார்த்து வேர் விடும். தாய் வயிற்றிலேயே வளர்ந்து பிறக்கும் குழந்தை போலத்தான்!

வெண்கண்டலுக்கு வேறு வித்தை. சேற்றுக்குள் காற்று கிடையாது. ஆகையால் அதன் வேர்கள் பென்சில் நட்டு வைத்ததுபோல் மேலே நீட்டிக் கொண்டு மூச்சு விடுகின்றன. உள்ளே போன உப்பை இலை வழியாகக் கக்கி விடுகிறது. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கிறது.

இன்னொரு மரத்தின் கிளை படகின் மேலே சாய்ந்திருந்தது. அதை ஒதுக்கக் கையை நீட்டினேன். "தொடாதீங்கய்யா! அது தில்லை. பால் கண்ணுல பட்டாப் பார்வை போயிடும்" என்று படகோட்டி தடுத்தார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்த மரம் அது. கோயில் நகரில் வீடுகள்தான் இருக்கின்றன. தில்லை வனத்தைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

காடு அழிந்த கதை

ஆங்கிலேயர் காலம் தொட்டு, 1970-கள் வரை, இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து வெட்டினார்கள். வெட்டிய இடம் தானே வளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வளரவில்லை. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் அடித்தது. சேறு காய்ந்து அமுங்கித் தாம்பாளம்போல் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல் தண்ணீர் உள்ளே வந்தது. திரும்பிப் போக வழியில்லை. தேங்கிய தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறியது. விழுந்த விதை எல்லாம் கருகிப் போயிற்று.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். நாற்று நடுவதற்கு முன்னால் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவே ஒரு பெரிய வாய்க்கால். இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். ஓதம் ஏறும்போது தண்ணீர் வந்தது, இறங்கும்போது போனது. உப்பு குறைந்தது. நட்டது பிழைத்தது.

வயலில் வாய்க்கால் வெட்டி, மடை கட்டி வாழ்கிறவர்களுக்கு இது புது வித்தையா என்ன? வெட்டியதில் சுற்றுவட்டாரக் கிராம மக்களின் உழைப்பு இருக்கிறது. அவர்களில் கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். நகர் இருளர்களும் உண்டு. படகும் வலையும் இல்லாத காலத்தில், ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக் கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்தவர்கள் இவர்கள்.

அந்தக் காலை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. சுனாமி வந்தது.

கடலுக்கும் காட்டுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால், பில்லுமேடு ஆகிய ஊர்களை அலை துடைத்துக் கொண்டு போயிற்று. உயிர்கள் பல போயின. காட்டுக்குப் பின்னால் இருந்த எம்.ஜி.ஆர். நகர் போன்ற குடியிருப்புகளில் தண்ணீர் வேகம் இழந்து வந்தது. அங்கே மக்கள் தப்பினார்கள்.

பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கரையோரக் கிராமங்களைக் கணக்கெடுத்து, மரங்கள் காப்பாற்றின என்று 2005-ல் எழுதினார்கள். கடலிலிருந்து தூரமாகவும் மேடாகவும் இருந்ததுதான் முக்கியக் காரணம் என்று வேறு சில விஞ்ஞானிகள் மறுத்தார்கள். விவாதம் படித்தவர்களுக்குள் நடந்தது. கிள்ளைப் பக்கத்துக்காரர்களோ, காட்டின் பின்னால் குடியிருந்ததால் பிழைத்தோம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

உப்பு நுழைந்த வயல்கள்

1990-களில் இன்னொரு சோதனை. கடலோர வயல்கள் பல இடங்களில் இறால் பண்ணைகளாக மாறின. இறாலுக்கு நல்ல விலை. ஆனால் ஒருவர் நிலத்தில் உப்புத் தண்ணீரைத் தேக்கினால், பக்கத்து வயலின் நெல் என்ன ஆகும்? குடிதண்ணீர்க் கிணறு என்ன ஆகும்? சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் குளம் கூடாது என்றது கோர்ட்டு. பின்னர் 2005-ல் தனிச் சட்டம் வந்து, அனுமதி பெற்று நடத்த வழி ஏற்பட்டது.

இன்று கொள்ளிடத்திலும் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. மேலேயிருந்து வரும் தண்ணீர் குறைந்தால், கீழேயிருந்து வரும் தண்ணீருக்குத் தைரியம் வந்துவிடுகிறது.

எப்போது போகலாம்?

மாசி மகத்தில் போனால் கிள்ளையில் ஒரு காட்சி காணலாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி, வழியில் பல ஊர்களில் தங்கி, தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். அங்கே தர்காவின் எதிரே முஸ்லிம்கள் பட்டும் மாலையும் கொடுத்து வரவேற்கிறார்கள். ஊருக்கு இது புதுமை அல்ல, ஆண்டுதோறும் நடப்பதுதான்.

காட்டைப் பார்க்க மார்கழி, தை நல்ல மாதங்கள். வெளிநாட்டுப் பறவைகள் வந்திருக்கும். காலையில் சீக்கிரம் போய் விடுங்கள். தலையில் ஒரு துண்டோ தொப்பியோ இருக்கட்டும். தின்பண்டப் பையைப் படகிலிருந்து வீசாதீர்கள். மீன் முள் வாய்க்கால்களில் ஏற்கெனவே வண்டல் படிந்து அடைக்கிறது, அதை ஆள் இறங்கிக் கையால்தான் அள்ள வேண்டியிருக்கிறது. திரும்பி வரும்போது கிள்ளையில் இறங்கி ஒரு டீ சாப்பிடுங்கள். டீக்கடை பெஞ்சில் யாராவது ஒருவர், மேட்டூரில் இன்றைக்கு எத்தனை அடி என்று பேப்பரில் பார்த்துக் கொண்டிருப்பார்.