எண்ணிக்கையில் விடுபட்ட சிறுவன்... ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திரும்பி வரும் 'ஹோம் அலோன்'!

விடிந்தால் பாரிஸுக்கு விமானம். சிகாகோ புறநகரில் இருக்கும் அந்தப் பெரிய வீட்டுக்குள் அன்றிரவு 15 பேர். பெரியவர்கள் 4, பிள்ளைகள் 11. வழியெல்லாம் பெட்டிகள், வாசலில் காசுக்குக் காத்து நிற்கும் பீட்சாக்காரர், ஆளாளுக்குக் கூச்சல். அதற்கு நடுவே 8 வயது கெவின் ஒவ்வொருவரிடமும் போய் நிற்கிறான். பெட்டி அடுக்கத் தெரியாது என்கிறான். சொல்லித்தர யாருமில்லை, கேலிதான் கிடைக்கிறது.

பீட்சாவுக்காக அண்ணனோடு சண்டை, அதில் பால் கொட்டுகிறது. தண்டனையாக மேல்மாடி அறைக்கு அனுப்பப்படும் கெவின், இந்தக் குடும்பமே காணாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டு தூங்கிப்போகிறான்.

இரவில் அடித்த காற்றில் மின்சாரம் போக, கடிகார அலாரம் அடிக்கவில்லை. அவசர அவசரமாகக் கிளம்பும்போது தலைகளை எண்ணுகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பையனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. கெவின் மட்டும் இல்லை!

1990 நவம்பரில் வெளியான 'ஹோம் அலோன்' இப்படித்தான் தொடங்குகிறது. ஜான் ஹியூஸ் எழுதித் தயாரிக்க, கிறிஸ் கொலம்பஸ் இயக்கினார். பின்னாளில் முதல் இரண்டு 'ஹாரி பாட்டர்' படங்களை இயக்கியவரும் இவர்தான். பட்ஜெட் கூடுகிறது என்று வார்னர் பிரதர்ஸ் கைவிட, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டது. சுமார் 1.8 கோடி டாலரில் உருவான படம், உலகம் முழுக்க 47 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் தொடர்ந்து 12 வாரங்கள் வசூலில் முதலிடம்!

பொறிகள் மட்டும்தானா?

படத்தின் பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கெவின் வைக்கும் பொறிகள்தான். உறைபனி படிந்த வாசற்படி, பழுக்கக் காய்ந்த கதவுக் கைப்பிடி, கயிற்றில் ஆடி வந்து முகத்தில் மோதும் பெயின்ட் டப்பா... ஜோ பெஸ்கியும் டேனியல் ஸ்டெர்னும் திருடர்களாக விழுந்து எழும் விதத்தைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை இருக்க முடியாது. இதே 1990-ல் வந்த 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் ரத்தத்தை உறையவைக்கும் தாதாவாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் ஜோ பெஸ்கி!

ஆனால், இந்த அடிதடி வருவது கடைசி அரை மணி நேரத்துக்குள்தான். அதுவரை நாம் பார்ப்பது, தனியாக வாழக் கற்றுக்கொள்ளும் ஒரு சிறுவனை. முதலில் கட்டிலில் குதிக்கிறான், ஐஸ்க்ரீமை அள்ளித் தின்கிறான். பிறகு துணி துவைக்கிறான், கூப்பனோடு கடைக்குப் போகிறான். பயந்து ஓடிய நிலவறைக்கே திரும்பிப் போய், சத்தம் போடும் அடுப்பை அதட்டுகிறான். பெட்டி அடுக்கத் தெரியாதவன் என்று கேலி செய்யப்பட்ட பையன், ஒரு வீட்டையே நடத்திக் காட்டுகிறான். மெக்காலே கல்கினின் முகம் இதையெல்லாம் நம்ப வைக்கிறது.

மூன்று தனிமைகள்

படத்தில் தனியாக இருப்பது கெவின் மட்டுமல்ல. குடும்பத்தையே கொன்றவர் என்று அண்ணன் கதை கட்டிய பக்கத்து வீட்டுப் பெரியவர் மார்லியும் தனியாகத்தான் இருக்கிறார். மகனோடு பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. பேத்தி பாடுவதைக் கேட்க, தேவாலயத்தின் பாடகர் குழு ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அங்கே கெவினும் அவரும் பேசும் காட்சிதான் படத்தின் உயிர். நிலவறைக்குப் பயந்த கதையைச் சொல்லும் சிறுவன், மகனுக்கு ஒரு போன் செய்து பாருங்கள் என்கிறான்.

மூன்றாவது ஆள், அம்மா கேட். கேத்தரின் ஓ'ஹாரா நடித்த இந்தப் பாத்திரம், பாரிஸ் விமான நிலையத்தில் டிக்கெட்டுக்காகத் தன் காதணிகளைக்கூடக் கொடுக்க முன்வருகிறது. விமானம் மாறி விமானம் ஏறி, கடைசியில் ஓர் இசைக்குழுவின் வேனில் இடம் பிடிக்கிறார். "நானெல்லாம் நல்ல அம்மாவா?" என்று உடைந்துபோகும் அவரை, தன் பிள்ளையையும் ஒருமுறை மறந்து விட்டுவந்த கதையைச் சொல்லித் தேற்றுகிறார் குழுவின் தலைவராக வரும் ஜான் கேண்டி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வரும் இடம் அது. கூடவே ஜான் வில்லியம்ஸின் இசை.

இடிக்கும் இடங்கள்

குறைகளும் கண்ணில் படாமல் இல்லை. காற்றில் போன் லைன் அறுந்துவிட்டதால்தான் அம்மாவால் வீட்டோடு பேச முடியவில்லை. ஆனால், கெவின் அதே வீட்டிலிருந்து போன் செய்து பீட்சா வரவழைக்கிறான்! குழந்தை தனியாக இருக்கிறது என்று தகவல் போனபிறகும், ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

அடுத்தது வன்முறை. மேலிருந்து முகத்தில் விழும் இஸ்திரிப் பெட்டியும், தலையில் பற்றும் தீயும் நிஜத்தில் உயிரையே பறிக்கும். கார்ட்டூன் போல எடுத்திருப்பதால் சிரிக்கிறோம். சின்னக் குழந்தைகளோடு பார்க்கும்போது, இது விளையாட்டல்ல என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும்.

இவற்றைவிடப் பெரிய குறை வேறு. மகனை மறந்தது மொத்தக் குடும்பமும்தான். ஆனால், குற்ற உணர்வைச் சுமப்பது அம்மா ஒருவர் மட்டுமே. அப்பாவும் மற்றவர்களும் பாரிஸில் தங்கிவிட்டு, அடுத்த நேரடி விமானத்தில் அம்மாவுக்குச் சில நிமிடங்கள் பின்னால் வந்து இறங்குகிறார்கள். கேலி செய்தவர்கள் யாரும் முதல் இரவுக்காக வருந்துவதாகவும் தெரியவில்லை. கட்டிப்பிடித்ததும் கணக்கு தீர்ந்துவிடுகிறது.

சொல்லாத கதை

கடைக்குப் போய் பாலும் முட்டையும் வாங்கினேன் என்பதோடு கெவின் நிறுத்திக்கொள்கிறான். திருடர்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. தரையில் கிடக்கும் தங்கப்பல்லை எடுத்துப் பார்த்துக் குழம்புகிறார் அப்பா. ஜன்னலுக்கு வெளியே, மகன் குடும்பத்தைக் கட்டியணைக்கும் மார்லி, கெவினைப் பார்த்துக் கையசைக்கிறார். நடந்ததில் பாதியாவது அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் 'ஹோம் அலோன்' படத்தையும் சேர்த்தது. பொறிகளுக்காகப் பார்க்க உட்காரும் குழந்தைகள், வளர்ந்தபிறகு அந்தத் தேவாலயக் காட்சிக்காகவும் அம்மாவின் முகத்துக்காகவும் திரும்ப வருகிறார்கள்.

இந்த முறை படம் முடிந்ததும், பக்கத்தில் இருக்கும் குட்டியிடம் கேட்டுப் பாருங்கள்: "நீ தனியா இருந்தா என்ன பண்ணுவே?" பெயின்ட் டப்பா கதை வரலாம். வேறு ஏதாவதும் வரலாம். கெவினிடம் கடைசிவரை யாரும் உட்கார்ந்து கேட்காத கேள்வி அதுதான்.